கண்ணழகரின் மோவாய்

ஈரமான புகைப்படத்தை இஸ்திரி போடக் கூடாது. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சட்டை ஈரமாக இருந்தால் இஸ்திரி போடுகிறோம், காய்ந்துவிடுகிறது. படமும் அப்படித்தான் என்று நினைத்தேன். இன்றைக்கு இந்த அறையில் நான் உட்கார்ந்திருப்பதற்கு அதைத் தவிர வேறு பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததை உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள், அவசரமில்லை என்று சொல்லிக் கோடு போட்ட தாள்களும் மூடி இல்லாத பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்கு எழுத்து வராது, படம்தான் வரும். வரும் என்று இருபத்தாறு வருடமாக நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டைப்பட ஓவியன். அலுவலகத்தில் என்னைப் 'பூச்சு' என்று கூப்பிடுவார்கள். செல்லமாகத்தான். ஒருமுறை புத்தகம் படிக்கும் பெண்ணுக்கு ஒரு கையில் ஆறு விரல் போட்டுவிட்டேன். அச்சாகி ஊரெல்லாம் போன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். வாசகர் கடிதம் ஒன்றே ஒன்று வந்தது, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டு. அப்போதிலிருந்து விரல்களைப் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவேன். ஆனால் முகத்தை எதற்குப் பின்னால் மறைப்பது?

கண்ணழகரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வயதுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகன். அவர் இமையை ஒருமுறை மெதுவாக மூடித் திறந்தால் தியேட்டரில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் அழுகிறவர்களைப் பார்த்து அழுவார்கள். நடிப்பை விட்டு இருபத்திரண்டு வருடமாக அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு எழுபத்தைந்து வயதானதற்கு எங்கள் பத்திரிகை சிறப்பிதழ் போட முடிவு செய்தது. ஆசிரியர் கடிதம் எழுதிக் கெஞ்சியதில், அவரே புதிதாக ஒரு புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தார். பின்புறம் பென்சிலால், 'இதற்குப் பிரதி கிடையாது. பத்திரமாகத் திருப்பி அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து அழகானது. பின்புறம் கடைசிவரை பத்திரமாகவே இருந்தது.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவேன். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து. வரையும் அட்டையிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். பிறகு ஒரு காகித அட்டையில் ஒரே ஒரு கட்டத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைப் புகைப்படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போவேன். ஓட்டையில் தெரிகிறதை மட்டும் வரைவேன். முழு முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். ஒரு கட்டத்தைப் பார்த்தால் நடுங்காது. ஒரு கட்டத்தில் அப்படி என்னதான் இருந்துவிடப்போகிறது?

மேலே இருந்து ஐந்து வரிசை முடித்திருந்தேன். நெற்றி, புருவம், அந்தக் கண்கள், பாதி மூக்கு. அப்போதுதான் டீ கொட்டியது. கொட்டினேன் என்று எழுதுவதுதான் முறை. துடைத்தேன், விசிறினேன், பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தூக்கிப் பார்த்தபோது மூக்குக்குக் கீழே கண்ணழகர் இல்லை. முக்கோணமாக ஒரு பழுப்பு இருந்தது. மறுநாள் மதியம் அட்டை அச்சுக்குப் போக வேண்டும்.

மேஜையில் இன்னொரு புகைப்படம் கிடந்தது. என் மச்சானுடையது.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். அறுபத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் இரண்டு நாள் தங்கிப் போக எங்கள் வீட்டுக்கு வந்தார். அது நடந்து நாலு வருடமாகிறது. முன்னறை சோபாதான் அவர் இருப்பிடம். கால் நீட்ட வசதியாக என் வண்ணப் புட்டிகளின் ஸ்டூலைப் பயன்படுத்திக்கொள்வார். நல்ல மனிதர். எதைக் கொடுத்தாலும் ருசித்துச் சாப்பிடுவார், எதைச் சொன்னாலும் சிரிப்பார், எப்போது போகிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார். அடையாள அட்டை புதுப்பிப்பதற்காக எடுத்த படம் அது.

அதன் மேலும் கட்டம் போட்டேன். எட்டுக்குப் பத்து. ஆறாவது வரிசையிலிருந்து தொடர்ந்தேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று நேற்று கேட்டீர்கள். அம்மா, கன்னம் என்பது கன்னம்தான். ஓட்டை வழியாகப் பார்க்கும்போது எந்தக் கன்னத்திலும் ஊர் பேர் எழுதியிருப்பதில்லை. முடித்துவிட்டு எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். மூக்குக்கு மேலே உலகமே காதலித்த ஒரு மனிதர். மூக்குக்குக் கீழே இரண்டு மடிப்பு மோவாயுடன், இப்போதுதான் சாப்பிட்டு முடித்த திருப்தியுடன் என் மச்சான். ஒட்டு மட்டும் தெரியவே இல்லை.

ஆசிரியர் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"தாள் நல்ல கனம்," என்றார்.

அச்சுக்கூட ஃபோர்மேனைக் கேட்டேன். "சிவப்பு கொஞ்சம் தூக்கலா வரும், பாத்துக்கலாம்," என்றார். மனைவியைக் கேட்டேன். "சோறு ஆறுது," என்றாள். இருபத்தாறு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் அட்டை வரைந்திருக்கிறேன். படம் எப்படி என்று கேட்டால் ஒருத்தர்கூட நல்லா இருக்கு என்றோ நல்லா இல்லை என்றோ சொன்னதில்லை. எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் வேறு ஏதாவது ஞாபகம் வரும்.

இதழ் வந்தது. பத்து நாளில் மறுபடி அச்சடித்தார்கள். டீக்கடை, முடி வெட்டும் கடை, பல் டாக்டர் அறை என்று எங்கும் என் கண்ணழகர். இதற்குக் காரணம் இருக்கிறது. அத்தனை வருடமும் எல்லாரும் அவர் கண்ணை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அவருக்கு மோவாய் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை. நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். "வயசானாலும் முகத்துல ஒரு நிறைவு பாருங்க," என்று பஸ்ஸில் ஒரு பெண்மணி பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் கூடப் போனேன்.

அடுத்தது பாராட்டு விழா. கண்ணழகர் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். மண்டபத்து வாசல் காவலர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று ஆசிரியர் ஆளுக்கொரு அட்டைப்படம் கொடுத்திருந்தார். நான் குடும்பத்தோடு போனேன். குடும்பத்தில் மச்சானும் உண்டு. விழா என்றால் விருந்தும் இருக்கும் என்று வந்திருந்தார். அன்றைக்கு வெயிலில் கண் கூசியதால் என் பழைய கறுப்புக் கண்ணாடியை வேறு மாட்டியிருந்தார். வாசலில் காவலர் அட்டையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், சல்யூட் அடித்தார். யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். யாரோ முழங்கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனார்கள். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல மரியாதை, மாப்ள," என்றார். அவர் எதையும் மறுக்கவில்லை, மறுத்துப் பழக்கமில்லை.

இருபது நிமிடம் கழித்து உண்மையான கண்ணழகர் வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினார்.

ஒல்லியாக இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மோவாய் சின்னது, கூரானது, நடுவில் லேசாக ஒரு குழி. காவலர் அழைப்பிதழ் கேட்டார்.

"என்னைக் கூப்பிட்ட விழாப்பா இது," என்றார் அவர்.

"எல்லாரையும் கூப்பிட்டதுதான் சார். அழைப்பிதழ் வேணும்."

"நான்தான் கண்ணழகர்."

காவலர் அட்டையைப் பிரித்துக் காட்டினார். "அவர் உள்ள உக்காந்து முறுக்குக் கம்பி மாதிரி ஸ்ட்ரா வச்சு ஜூஸ் குடிச்சிட்டு இருக்காரு, பெரியவரே. நீங்க வேற."

கூட்டம் சேர்ந்தது. ஆசிரியர் ஓடி வந்தார். அவரும் கண்ணழகரை நேரில் பார்த்ததில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "பூச்சு, நீ சொல்லு. ரெண்டு வாரம் அந்த மூஞ்சியோடவே உக்காந்திருந்தவன் நீ. இவரா அவரு?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். முதல் ஐந்து வரிசையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கண்களை எண்பதில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லி அடையாளம் காட்டுவேன். அவர் கொஞ்சம் சிரித்து, "சொல்லுங்க தம்பி," என்றார். தபாலில் படம் அனுப்பிய அதே நம்பிக்கை. ஆமாம் என்று சொன்னால் அவர் உள்ளே போவார். போனால் இரண்டு முகமும் ஒரே வரிசையில் இருக்கும். பஸ்ஸில் பேசிய பெண்மணியும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

"சாயல் இருக்கு," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. சாயல் இருக்கத்தான் செய்தது. மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. "பாவம், வயசாயிடுச்சு," என்று ஒருத்தர் சொன்னார். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. தன்னை நிரூபிக்க அந்த இமையை ஒருமுறை மெதுவாக மூடித் திறந்தார். "தூக்கம் வருது போல," என்றார் காவலர்.

அவரை நடுத்தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நானே கார் பிடித்து அவரோடு ஏறினேன். அவர் வீட்டு முகவரி சொன்னார். சரியான முகவரி. ஆனால் அங்கே கொண்டு விட்டால் நாளைக்கே ஆசிரியருக்கு ஃபோன் பண்ணுவார், பிறகு எல்லாம் மோவாயில் வந்து நிற்கும். ஆகவே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகச் சொன்னேன். சுத்தமான இடம், பெரிய ஜன்னல்கள். விண்ணப்பத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள். என் மச்சானின் பெயரை எழுதினேன். அந்தப் பெயரை அப்போதைக்கு யாரும் பயன்படுத்தவில்லை. உறவு என்ற இடத்தில் 'மைத்துனர்' என்று போட்டேன். நான் அப்படி எழுதியதை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது என் பேர் இல்லையே," என்றார்.

இல்லத்தைக் கவனிக்கும் மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். புரிந்துகொண்டார்.

அடையாள அட்டை கேட்டார்கள். மறுநாள் மச்சானுடையதை எடுத்துப் போனேன். அதிலிருந்த படத்தில் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது. மோவாயைக் கூர்மையாக்கி, குழி வைத்து, கண்ணை மாற்றினேன். தபால் தலை அளவுதான். நான் செய்ததிலேயே அசலோடு ஒத்துப்போன ஒரே படம் அதுதான் என்று சொல்ல வேண்டும். ஆனால் அதை யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாது.

இல்லத்து டாக்டர் அனுபவசாலி. "தன்னை நடிகர்னு நம்பறார், அப்படித்தானே?" என்றார். நான் அட்டைப்படத்தைக் காட்டினேன். அவர் படத்தையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்கூடப் பொருந்தலையே," என்று வருத்தப்பட்டு மாத்திரை எழுதினார்.

மச்சானை விழா முடிந்ததும் பத்திரிகைக் கார் கண்ணழகர் வீட்டில் கொண்டுபோய் விட்டது. அவர் போன இடத்தில் இருந்துகொள்கிறவர் என்று முன்பே சொன்னேன். அங்கே பழைய சமையல்காரர் ஒருத்தர் இருக்கிறார். முதல் வேளையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை மச்சானைப் பார்க்க நான் அங்கே போனபோது என்னிடம் தனியாக வந்து நின்றார்.

"இவர் எங்க ஐயா இல்லன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆனா எங்க ஐயா இருபது வருஷத்துல ஒரு நாளும் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இவர் நேத்து மூணு தடவ சொன்னார். எங்க ஐயா நல்லா இருக்காரா?"

"பெரிய ஜன்னல் இருக்கு," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சமையல் அறைக்குப் போய்விட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஃபோன் பண்ணினாள். மச்சான், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாராம். அவள் ஃபோனிலேயே அழுதிருக்கிறாள். அப்பா இப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருடமாச்சு என்று. வாராவாரம் பேச ஆரம்பித்தாள். ஆக, கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு மகளுக்கு அப்பா கிடைத்தார், ஒரு சமையல்காரருக்குப் பாராட்டு கிடைத்தது, எனக்கு சோபா கிடைத்தது. இழந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரும் ஒரு கட்டத்தில் பழகிவிடுவார் என்று நினைத்தேன்.

பழகவில்லை. பதினோரு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கா தம்பி?" என்பார். "அடுத்த வாரம் பாக்கலாங்க," என்பேன். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பழத்தை எனக்கே உரித்துக் கொடுப்பார். அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் என் அட்டைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். டாக்டர் சொல்லித்தான், உண்மையை தினமும் பார்த்தால் தெளிவு வரும் என்றார்.

ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது கேட்பேன். "ஐயா, படம் எப்படிங்க இருக்கு?"

ஒருமுறை, "சட்டம் நல்ல மரம்," என்றார். ஒருமுறை, "கண்ணை ரொம்பப் பொறுமையா போட்டிருக்கீங்க," என்றார். ஒருமுறை என் விரலில் ஒட்டியிருந்த நீலத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பெரிய மனிதர்கள் மனம் நோகப் பேச மாட்டார்கள். அதுதான் அவர்களோடு கஷ்டம்.

உங்களிடம் வந்தது என் மனைவி என்று எனக்குத் தெரியும். அவள் மேல் வருத்தமில்லை. அண்ணன் கண்ணழகர் வீட்டில் விருந்தாளியாக இருக்கிறார் என்று நம்பி, அவருக்கு வேண்டிய துணிகளைக் கொடுக்கப் போய், அங்கே சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பெரியவரை எங்க வச்சிருக்க?"

"வச்சிருக்கேன்னா? நல்லா பாத்துக்கறாங்க."

"உன் படம் நல்லா இல்லன்னு நாலு பேர் சொல்லிடுவாங்கன்னு ஒரு மனுஷனையே மடிச்சு வச்சிட்டியாய்யா நீ?"

அவள் கோபத்தில் சொன்னது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்தவன். விமர்சனம் வந்தால் அல்லவா தாங்குவதற்கு? அன்றைக்கு நான் காப்பாற்றியது என் படத்தை அல்ல. ஆசிரியரின் மானத்தை, விழாவை, மச்சானின் வயோதிகத்தை, அந்த மகளின் சந்தோஷத்தை. படம் அதோடு சேர்ந்து தானாகத் தப்பித்தது.

இன்று காலை பெரியவரையும் இங்கே அழைத்து வந்திருக்கிறீர்கள். மகள் பிற்பகல் விமானத்தில் வருகிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். மச்சானையும் கூட்டி வந்து வராந்தா பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள். போலீஸ் டீ நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டிக்கொண்டிருப்பது இங்கேவரை கேட்கிறது. ஆமாம், எல்லாம் நான் செய்தது. அவர் யார் என்று வாசலில் பார்த்த நொடியே எனக்குத் தெரியும். தெரிந்தே அவர் வீட்டையும் பெயரையும் மகளையும் எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தேன். பதினோரு மாதம், நாற்பத்தேழு ஞாயிற்றுக்கிழமை, அவர் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்தேன். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் ஃபோன் பேச வெளியே போயிருந்தபோது பெரியவர் என் எதிர் நாற்காலியில் இருந்தார். உங்கள் மேஜையில் சாட்சிப் பொருளாக அந்த அட்டைப்படம் கிடந்தது. இனி அடுத்த ஞாயிறு கிடையாது என்று எனக்குத் தோன்றியது. படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"ஐயா, இனிமே நீங்க எனக்காகப் பாக்க வேண்டியதில்ல. மனசுல பட்டதச் சொல்லுங்க. இந்தப் படத்துல என்ன குறை?"

அவர் வெகுநேரம் பார்த்தார். எனக்காக இல்லை, உண்மையாகவே பார்த்தார். பிறகு அந்தக் கண்களை என் பக்கம் திருப்பினார்.

"இதுல நான் இல்லையே தம்பி," என்றார்.

இதைத் தவிர வேறு எந்தக் குறையும் அவர் சொல்லவில்லை என்பதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.